உயர்தரத்தில் அரசறிவியல் கற்கலாமா?



சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருக்கும் வேளையில் உயர்தரப் பாடத்தெரிவு பற்றிப் பேசுவது அவசரமாகத் தோன்றலாம். ஆயினும் நாம் ஆண்டுதோறும் காண்பது என்ன? பெறுபேறு வெளியாகிப் பெற்றாருடன் அதிபர் அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்கும்போதுதான் மாணவர் பலர் பாடங்களின் பெயர்களையே முதன்முறையாக யோசிக்கின்றனர். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் உயர்ந்த பெறுபேறு பெற்றவருக்கு வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டு விடுகிறது. கலைப்பிரிவுக்கு வருவோரோ முந்திய வருட அண்ணாமாரிடமும் அக்காமாரிடமும் "எது லேசான பாடம்?" என்று கேட்கின்றனர். பெரும்பாலும் கிடைக்கும் விடை, "அரசறிவியலை எடு, கணக்கும் இல்லை, செய்முறையும் இல்லை, குறிப்பைப் பாடமாக்கினால் போதும்" என்பதாகும்.

அரசறிவியல் நல்ல பாடம், தகுதியுள்ள பாடம், தமிழ்மொழி மூல மாணவருக்கு மிகவும் வேண்டிய பாடம் என்பதே எமது கருத்து. ஆனால் மேற்சொன்ன காரணத்துக்காக அதனைத் தெரிவு செய்பவர் இரண்டு வருடங்களின் பின் ஏமாற்றம் அடைவார். அதனை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் "லேசு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழக அனுமதி நீங்கள் பெறும் வெறும் புள்ளிகளைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. இசட் புள்ளியே பார்க்கப்படுகிறது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்குரிய இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களினதும் சராசரியே உங்கள் இறுதி இசட் புள்ளி. ஒரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 15 என்றால் 70 புள்ளி பெற்றவருக்கு இசட் புள்ளி 1.00. இன்னொரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்றால் 64 புள்ளி பெற்றவருக்கு 1.60. (இவை விளக்கத்துக்கான எண்கள்.) எல்லோருக்கும் லேசான பாடத்தில் எல்லோரும் கூடிய புள்ளி எடுப்பர், சராசரி உயரும், உங்கள் நன்மை அங்கேயே கரைந்துவிடும். உங்கள் மனம் எந்தப் பாடத்தில் மற்றவரைவிட அதிக நேரம் தரித்து நிற்குமோ அந்தப் பாடமே உங்களுக்கு இலாபமான பாடம்.

அடுத்தது "பாடமாக்கினால் போதும்" என்பது. உயர்தரப் பாடங்களுள் பழைய கொப்பியை நம்பிப் படிக்கக்கூடாத பாடம் ஒன்று உண்டென்றால் அது அரசறிவியலே. உதாரணமாக, சனாதிபதி பாராளுமன்றத்தை எப்போது கலைக்கலாம் என்ற வினாவைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூல ஏற்பாட்டின்படி பொதுத்தேர்தல் நடந்து ஒரு வருடத்தின் பின் கலைக்கலாம். 2015 இல் வந்த 19 ஆவது திருத்தம் அதனை நான்கரை வருடமாக்கியது. 2020 இல் வந்த 20 ஆவது திருத்தம் இரண்டரை வருடமாகக் குறைத்தது. 2022 இல் நிறைவேறிய 21 ஆவது திருத்தம் அந்த இரண்டரை வருடத்தை அப்படியே விட்டது. அதேபோல, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட முடியாது என்ற வரையறை 2010 இல் 18 ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2015 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அக்காவின் கொப்பியை அப்படியே பாடமாக்கிய தம்பி, அக்காவின் ஆண்டுக்குரிய சரியான விடையைத் தனது ஆண்டில் பிழையாக எழுதிவிட்டு வருவான். திருத்தங்களின் இலக்கத்தை மட்டும் பாடமாக்கியவருக்கும் இதே கதிதான். ஒவ்வொரு திருத்தமும் யாருடைய அதிகாரத்தைக் கூட்டியது, யாருடைய அதிகாரத்தைக் குறைத்தது என்று கேட்டுப் படித்தவருக்கு வரிசை தானாகவே நினைவில் நிற்கும்.

இந்தப் பாடத்தின் சுவையான பகுதியும் இதுதான். 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கி மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார். நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றத்தையும் கலைத்தார். விடயம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சனாதிபதி பக்கத்தில் 33 ஆவது உறுப்புரை எடுத்துக்காட்டப்பட்டது. பாராளுமன்றத்தைக் கூட்டவும், ஒத்திவைக்கவும், கலைக்கவும் சனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று அது கூறுகிறது. எதிர்ப்பக்கத்தில் 70 ஆவது உறுப்புரை எடுத்துக்காட்டப்பட்டது. முதற் கூட்டத்திலிருந்து நான்கரை வருடம் முடியுமுன், பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்டாலன்றிக் கலைக்க முடியாது என்று அது கூறியது. அந்தப் பாராளுமன்றம் கூடி மூன்று வருடமும் இரண்டு மாதமுமே ஆகியிருந்தன. ஒரே அரசியலமைப்பில் இரண்டு ஏற்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றினால் எதனை எப்படி வாசிப்பது? 33 ஆவது உறுப்புரை தரும் அதிகாரத்தை 70 ஆவது உறுப்புரையின் எல்லைக்குள் நின்றே பயன்படுத்த வேண்டும் என்று ஏழு நீதியரசர்களும் ஏகமனதாக 2018 டிசம்பர் 13 ஆம் திகதி தீர்ப்பளித்தனர். நாட்டின் மிகப்பெரிய அதிகாரத்தைக் கொண்டவரின் கட்டளை இரண்டு உறுப்புரைகளை ஒன்றுசேர்த்து வாசித்த வாசிப்பினால் செல்லாமற் போனது. "அதிகார வேறாக்கம்", "தடைகளும் சமன்பாடுகளும்" என்ற தலைப்புகளில் நீங்கள் எழுதப்போகும் கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தேட வேண்டியதில்லை.

"கணக்கு இல்லை" என்பதும் முழு உண்மை அல்ல. விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் பலர் ஒரு வரைவிலக்கணமாகப் பாடமாக்கி விடுகின்றனர். ஒரு தடவையாவது கணக்கிட்டுப் பார்த்தால்தான் அது என்ன செய்கிறது என்பது விளங்கும். பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து நிரப்பப்படுகின்றன. மிகுதி 29 தேசியப் பட்டியல் ஆசனங்கள். ஆறு ஆசனங்களைக் கொண்ட ஒரு கற்பனை மாவட்டத்தை எடுங்கள். செல்லுபடியான வாக்குகள் 200,000. 'அ' கட்சிக்கு 80,000, 'ஆ' கட்சிக்கு 60,000, 'இ' கட்சிக்கு 36,000, 'ஈ' கட்சிக்கு 16,000, 'உ' கட்சிக்கு 8,000. முதலில் 5 சதவீத வெட்டுப்புள்ளி. 10,000 வாக்குகளை எட்டாத 'உ' வெளியேறுகிறது. அடுத்து, முதலிடம் பெற்ற 'அ' கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. மிகுதி ஐந்து ஆசனங்களுக்காக, எஞ்சிய 192,000 வாக்குகளை ஐந்தால் வகுக்க 38,400 வருகிறது. 'அ' கட்சியின் வாக்கில் இது இரண்டு முறை அடங்கும், மீதி 3,200. 'ஆ' கட்சிக்கு ஒரு முறை, மீதி 21,600. 'இ', 'ஈ' கட்சிகளுக்கு ஒரு முறையும் அடங்காது. இன்னும் இரண்டு ஆசனங்கள் எஞ்சியுள்ளன. அவை மிகக்கூடிய மீதி உள்ளவர்களுக்குப் போகும். 36,000 மீதியுள்ள 'இ' கட்சிக்கு ஒன்று, 21,600 மீதியுள்ள 'ஆ' கட்சிக்கு ஒன்று. முடிவில் 'அ' மூன்று, 'ஆ' இரண்டு, 'இ' ஒன்று.

இனி யோசியுங்கள். 40 சதவீத வாக்குப் பெற்ற கட்சி பாதி ஆசனங்களைப் பெற்றது. 'ஈ', 'உ' கட்சிகளுக்கு வாக்களித்த 24,000 பேருக்கு அந்த மாவட்டத்தில் தமது கட்சிப் பிரதிநிதி ஒருவரும் இல்லை. விகிதாசாரம் என்ற பெயர் இருந்தும் விகிதம் ஏன் பிசகியது? போனஸ் ஆசனமும் வெட்டுப்புள்ளியும் மாவட்டத்தின் சிறிய அளவும் சேர்ந்து செய்த வேலை இது. இக்கணக்கைச் செய்து பார்த்த மாணவர் "விகிதாசார முறையின் குறைபாடுகளை ஆராய்க" என்ற வினாவுக்கு ரியூசன் குறிப்பைத் தேடமாட்டார். சனத்தொகையில் குறைந்த ஒரு சமூகம் பல கட்சிகளாகப் பிரிந்து நின்றால் என்ன நேரும் என்பதையும் அவரே எண்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பார். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதும் நிலையானது அல்ல. அது வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2020 இல் ஏழு உறுப்பினரையும் 2024 இல் ஆறு உறுப்பினரையும் தெரிவு செய்தது. அந்த ஓர் ஆசனம் எங்கே போனது, ஏன் போனது என்று விசாரிப்பது நல்ல பயிற்சி.

இங்கே ஒரு சொற்பிரச்சினையைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தியத் தொலைக்காட்சிச் செய்திகளைக் கேட்டு வளரும் எமது பிள்ளைகள் "உச்ச நீதிமன்றம்" என்று விடைத்தாளில் எழுதுகின்றனர். இலங்கையின் அதியுயர்ந்த நீதிமன்றத்துக்கு எமது அரசியலமைப்பின் தமிழ் வாசகத்தில் உள்ள பெயர் உயர் நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்குக் கீழே மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநில மட்டத்து நீதிமன்றம். ஒரே சொல் இரண்டு நாடுகளில் இரண்டு படிகளைக் குறிக்கிறது. இந்திய அரசாங்க முறையை ஒப்பிட்டு எழுதும்போது இந்தத் தடுமாற்றம் விடையையே கெடுத்துவிடும்.

சரி, பெற்றார் பக்கத்துக்கு வருவோம். "அரசியல் எங்களுக்கு வேண்டாம் பிள்ளை" என்று சொல்லும் அம்மாமார் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இன்றும் உண்டு. அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வராது. அரசியல் என்ற சொல்லோடு அவர்கள் வாழ்க்கையில் சேர்ந்து வந்தவை இடப்பெயர்வும் இழப்பும் பயமுமே. ஆனால் கட்சி அரசியலில் ஈடுபடுவது வேறு, அரசறிவியல் கற்பது வேறு. நோயைப் பற்றிப் படிப்பவர் நோயை விரும்பிப் படிப்பதில்லை. பரீட்சை மண்டபத்திலும் இதே விதிதான். தமக்குப் பிடித்த கட்சியைப் புகழ்ந்தும் பிடிக்காததைத் திட்டியும் எழுதிய விடைக்குப் புள்ளி இல்லை. ஒரு விடயத்தின் இரு பக்கத்தையும் எடுத்துக்காட்டி, ஆதாரத்தோடு ஒரு முடிவுக்கு வருபவருக்கே புள்ளி உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே கருத்தைப் பேசும் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு இது எளிதில் வராது.

மேலும், அரசியலை நாம் விலக்கி வைத்தாலும் அது எம்மை விலக்கி வைப்பதில்லை. மலையக மாணவர்கள் இதனைத் தமது குடும்ப வரலாற்றிலிருந்தே அறிவர். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தது. சுதந்திரம் கிடைத்த அதே 1948 ஆம் ஆண்டில் நிறைவேறிய 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. கொழுந்து பறித்துக்கொண்டு தன்பாட்டில் இருந்த ஒரு தாய், தான் கண்ணாலும் காணாத ஒரு சட்டத்தினால் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டாள். எஞ்சியிருந்தோருக்கான இறுதித் தீர்வு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. இடையில் 55 ஆண்டுகள்! சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக 29 ஆவது பிரிவு இருந்ததே, அது ஏன் இதனைத் தடுக்கவில்லை? இதற்கு ஒரு வசனத்தில் விடை சொல்ல முடியாது. தரம் 12 இல் உங்கள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதலாவது கேள்வியாக இதனை வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி உரிமையும் இப்படியே. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது எல்லோருக்கும் தெரியும். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று ஆக்கியதும் சிலருக்குத் தெரியும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? நாட்டின் எப்பாகத்திலும் ஓர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அங்கே ஏற்பாடு உண்டு. உங்கள் அம்மம்மாவுக்குச் சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்து, அதனை வாசிப்பிக்க அவர் வீடு வீடாகத் திரிய நேர்ந்தால், அது அவரது தலைவிதி அல்ல, சட்டமீறல். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். இந்த ஒரு மாதக் கணக்குத் தெரியாமல் உரிமையைத் தவறவிட்டோர் உண்டு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இவ்வாறே. சட்டம் புத்தகத்தில் இருப்பதும், ஊரில் அதனை வாசித்து விளங்கிய ஒரு பிள்ளை இருப்பதும் ஒன்றல்ல. ஒரு ஊரில் அரசறிவியல் கற்ற நான்கு பேர் இருந்தால், பிரதேச செயலகத்தில் அந்த ஊரவர் நிற்கும் விதமே வேறாக இருக்கும் என்பது எமது உறுதியான கருத்து.

தொழில் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அரசறிவியல் படித்தால் உடனே தொழில் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டபீடத்துக்குச் செல்ல இப்பாடம் கட்டாயம் அல்ல, வேறு பாடங்களோடும் செல்லலாம். இலங்கை நிருவாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். எனினும் இவ்விரு வழியிலும் செல்வோருக்கு அரசியலமைப்பும் நிருவாக அமைப்பும் முன்பே பழக்கமாயிருப்பது பெரிய உதவி. ஆசிரியத்தொழில், பத்திரிகைத்துறை என்பனவும் உள்ளன. கலைப்பட்டதாரிகள் வேலைக்காகக் காத்திருப்பதை நீங்களும் காண்கிறீர்கள். ஆகவே எந்தக் கலைப்பாடத்தை எடுத்தாலும் ஆங்கிலத்தையும், முடிந்தால் சிங்களத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரசறிவியலில் நல்ல நூல்கள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. பேராதனையில் அரசறிவியல் பேராசிரியராக விளங்கிய ஏ. ஜெயரத்தினம் வில்சன் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பைப் பற்றி 1980 இல் எழுதிய நூலும் ஆங்கிலமே. பிரான்சின் டி கோல் அமைத்த முறைமையை ஆசியாவில் காண்பதாக அதன் தலைப்பு அமைந்தது. பிரான்சிய ஐந்தாவது குடியரசைப் பாடத்தில் ஏன் படிக்கிறோம் என்பது அத்தலைப்பிலிருந்தே விளங்கும்.

யார் இதனை எடுக்கக்கூடாது? எழுதப் பிடிக்காதவர் எடுக்க வேண்டாம். வரலாறு, புவியியல், அரசறிவியல் மூன்றையும் சேர்த்து எடுப்பவர் பரீட்சைக் காலத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். எம்மைக் கேட்டால், அரசறிவியலோடு அளவையியலோ பொருளியலோ சேர்வது நல்லது என்போம். ஒன்று வாதத்தை ஒழுங்குபடுத்தக் கற்பிக்கும், மற்றது வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கக் கற்பிக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பாடசாலையில் அப்பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கேள்வி கேட்டு, மறுத்துப் பேசி வளரவேண்டிய பாடத்தைச் சனிக்கிழமை ரியூசனில் நூற்றுக்கணக்கானோருடன் இருந்து சொல்வதெழுதலாகக் கற்பது வீண். சாதாரண தரத்தில் குடியுரிமைக் கல்வியைத் தெரிவு செய்தவருக்குத் தொடக்கம் எளிதாக இருக்கும். தெரிவு செய்யாதவரும் முதல் தவணைக்குள் அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம்.

உங்களுக்கு இப்பாடம் பொருந்துமா என்று சோதிக்க ஒரு கேள்வி தருகிறோம். 2020 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். அந்த ஓர் ஆசனத்தில் அமர்ந்த ரணில் விக்கிரமசிங்க 2022 ஜூலை 20 ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 வாக்குகள் பெற்று சனாதிபதியானார். மக்கள் வாக்களிக்காமல் ஒருவர் எப்படிச் சனாதிபதியாகலாம்? விடை 40 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. இதனை வாசித்ததும் அந்த உறுப்புரையைத் தேடிப்பார்க்க வேண்டும் என்று உங்கள் கை துடித்தால் அரசறிவியலை எடுங்கள். "இது பரீட்சைக்கு வருமா?" என்று மட்டும் தோன்றினால் இன்னொரு முறை யோசியுங்கள்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கும். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் பெறலாம். முழுவதையும் வாசிக்க வேண்டாம், மூன்றாம் நான்காம் அத்தியாயங்கள் போதும். பிறகு உங்கள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ சென்று, மாதாந்தக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்க அனுமதி கிடைக்குமா என்று செயலாளரிடம் கேளுங்கள். 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலில் உங்கள் வட்டாரத்தில் தெரிவானவர் அங்கே என்ன பேசுகிறார், பட்டியலில் தெரிவானவர் என்ன பேசுகிறார், பெண் உறுப்பினர்களுக்குப் பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது, குப்பை அள்ளும் வாகனத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குகிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். உள்ளூராட்சி பற்றிய அலகு தொடங்கும் நாளில் அந்தக் கொப்பியை வகுப்புக்குக் கொண்டு போங்கள்.